சன்னல் இல்லாத சுவர்: கிழக்கு லோதியனில் பண்ணைக் கட்டடங்கள் வீடுகளான விதம்

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவிலிருந்து கிழக்கே டன்பார் பக்கம் போகும் ரயிலில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், வெளியே ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். கோதுமையும் பார்லியும் விளையும் பெரிய வயல்கள். அவற்றின் நடுவே செம்மண் நிற ஓடு வேய்ந்த நீளமான கட்டடங்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி நெருங்கி நிற்கும். சில இடங்களில் அவற்றுக்கிடையே செங்கல் புகைபோக்கி ஒன்று தனியாக எழுந்து நிற்கும். முதல்முறை பார்த்தபோது ஏதோ சிறிய ஆலை என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததில் பெரிய தவறு இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஸ்காட்லாந்தில் இதை ஸ்டெடிங் என்கிறார்கள். பண்ணைக்காரரின் வீடு இதில் சேராது. தொழுவம், லாயம், கதிரடிக்கும் கூடம், களஞ்சியம், வண்டிக் கொட்டகை என்று பண்ணையின் வேலைக் கட்டடங்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்புக்குத்தான் அந்தப் பெயர். கிழக்கு லோதியன் வட்டாரத்தில் இவற்றில் பல இப்போது வீடுகள். லாயம் இருந்த இடத்தில் சமையலறை, வைக்கோல் கிடந்த இடத்தில் படுக்கையறை.

ஈஸ்ட் லின்டன் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள ஸ்டெடிங்குகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வரலாற்றுக்கு வேண்டிய இடங்களைப் பெயரோடு சொல்கிறேன். வீடாக மாற்றிய நுணுக்கங்களுக்கு நான் பலமுறை போய்ப் பார்த்த ஒரு வளாகத்தை வைத்துக்கொள்கிறேன். அங்கே இப்போது குடும்பங்கள் குடியிருப்பதால் அதன் பெயரும் அடையாளமும் வேண்டாம்.

நான் கவனித்ததெல்லாம் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஸ்டெடிங்கின் வெளிச்சுவரில் சன்னல் கிடையாது. ஆனால் சன்னல் இல்லாத வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. இந்த இழுபறியை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்த்தாலே போதும், அந்த மாற்றம் நன்றாக வந்ததா, கெட்டுப்போனதா என்று சொல்லிவிடலாம்.

ஓர் இயந்திரம் போட்ட வரைபடம்

டைன் என்ற சின்ன ஆறு ஈஸ்ட் லின்டனைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. நியூகாசிலில் ஓடும் பெரிய டைன் வேறு. இந்த ஆற்றோரம் ஃபான்டசி என்று ஒரு பண்ணை. வாட்டர்லூ பாலத்தையும் சதர்க் பாலத்தையும் லண்டனில் கட்டிய பொறியாளர் ஜான் ரென்னி 1761-ல் பிறந்தது இங்கேதான். அவருடைய அண்ணன் ஜார்ஜ் ரென்னி இந்தப் பண்ணையை நடத்தி, அந்தக் காலத்தின் முன்னோடி விவசாயி என்று பெயர் வாங்கினார். பக்கத்திலேயே ஹூஸ்டன் மில் என்ற இடத்தில் ஆண்ட்ரூ மீக்கிள் என்ற ஆலைத் தச்சர் தொழில் செய்தார். சிறுவனாக இருந்த ஜான் ரென்னி நேரம் கிடைக்கும்போதெல்லாம் போய் நின்றது மீக்கிளின் பட்டறையில்தான்.

அந்த மீக்கிள்தான் 1780களின் நடுவில் கதிரடிக்கும் இயந்திரத்தைச் சரியாக ஓட வைத்தவர். 1788-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை அறுத்துவந்த கதிரைக் கூடத்தின் தரையில் பரப்பி, கோலில் கட்டிய தடியால் ஆட்கள் குளிர்காலம் முழுக்க அடித்துக்கொண்டே இருப்பார்கள். கூடத்துக்கு எதிரெதிராக இரண்டு கதவுகள் உண்டு. இரண்டையும் திறந்துவிட்டால் நடுவே காற்று இழுக்கும், அந்தக் காற்றில் தூற்றுவார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் ஊரில் சொல்வதை இங்கே கட்டடமாகவே கட்டி வைத்திருந்தார்கள். மீக்கிளின் இயந்திரத்தில் சுழலும் உருளையில் பொருத்திய கட்டைகள் கதிரை அடித்தன. அதைச் சுழற்றக் குதிரை வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் வேண்டும், பிறகு நீராவி வந்தது.

இந்த இயந்திரம் வந்ததும் பண்ணைக் கட்டடங்கள் நிற்கும் வரிசையே மாறியது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், ஒரு லோதியன் ஸ்டெடிங்கின் தரைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தானியம் போன வழியை விரலால் தொடர முடியும் என்பதுதான். பெரும்பாலும் வடக்குப் பக்கம், வெளியே, கதிர்ப் போர்கள் நிற்கும் இடம். அங்கிருந்து கதிர் நேராகக் கதிரடிக்கும் கூடத்தின் மேல்தளத்துக்குப் போகும். அடித்த தானியம் ஒரு பக்கம் களஞ்சியத்துக்கு, வைக்கோல் இன்னொரு பக்கம் வைக்கோல் கூடத்துக்கு. வைக்கோல் கூடம் வளாகத்தின் நடுவில் இருக்கும். காரணம், ஸ்டெடிங்குக்குள் அதிகமாகத் தூக்கிச் சுமக்க வேண்டிய பொருள் அதுதான். அங்கிருந்து தெற்கே திறந்த மாட்டு முற்றங்களுக்கு வைக்கோல் போகும். மாடு அதை மிதித்து, சாணத்தோடு கலந்து எருவாக்கும். எரு வண்டியேறி மறுபடி வயலுக்குத் திரும்பும். டர்னிப் கிழங்கு கொட்டும் அறை மாட்டுக்குப் பக்கத்தில், லாயத்தின் கதவு பல இடங்களில் கிழக்கு நோக்கி, விடியற்காலை வெளிச்சத்துக்காக. வடக்குக் கட்டடம் உயரமாக நின்று குளிர்காற்றைத் தடுக்கும். தெற்குப் பக்கம் தாழ்ந்தோ திறந்தோ இருந்து வெயிலை உள்ளே விடும்.

வண்டிக் கொட்டகைக்கு மேலேதான் களஞ்சியம். கீழே வரிசையாகக் கல் வளைவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வண்டி. மேலே தானியம். தரையிலிருந்து ஒரு மாடி உயரத்தில் இருப்பதால் ஈரம் ஏறாது, கீழே காற்று ஓடும், எலித் தொல்லையும் குறையும். இந்த வளைவுகள் முற்றத்தைப் பார்க்காமல் வெளியே சாலையைப் பார்த்து நிற்பது வழக்கம். வண்டி நேரே உள்ளே போகலாம், நேரே வெளியே வரலாம்.

ஃபான்டசியில் இன்னும் பழைய கட்டடம் ஒன்றும் இருக்கிறது: புறா மாடம். தேன்கூடு போல உருண்டு எழும் கல் கட்டடம் அது. உள்ளே 500-க்கு மேற்பட்ட கூட்டுப் பொந்துகள். கூரையைத் தெற்கு நோக்கிச் சரித்து, புறாக்கள் வெயில் காய வசதி செய்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. ஸ்டெடிங் பார்க்கப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பேன். உயிருக்காகவும் வேலைக்காகவும் கட்டும் கட்டடத்துக்கு எவ்வளவு சின்னத் துளை போதும் என்பதை அது காட்டிவிடும்.

சுவர், துளை, ஓடு

கூரை ஓடுகளை இங்கே பேன்டைல் என்கிறார்கள். எஸ் வடிவில் வளைந்த செம்மண் ஓடு. கடலுக்கு அப்பால் நெதர்லாந்துப் பக்கத்தோடு இருந்த வணிகத்தின் வழியே வந்து, பிறகு உள்ளூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். மேற்கு ஸ்காட்லாந்தில் எங்கே பார்த்தாலும் சாம்பல் நிற ஸ்லேட் பலகைதான். கிழக்குக் கடற்கரையில் மட்டும் இந்தச் சிவப்பு. பல கூரைகளில் கீழ் விளிம்பு ஓரமாக மட்டும் இரண்டு மூன்று வரிசை ஸ்லேட் வைத்து மேலே ஓடு போட்டிருப்பார்கள்.

சுவர் சுமார் இரண்டடி தடிமன். உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மூலைகளிலும் கதவோரங்களிலும் மட்டும் செதுக்கிய மணற்கல். அந்தப் பக்கத்துக் கல் ஒரே நிறமாக இருக்காது. டன்பார் பக்கத்துச் சிவப்பு மணற்கல், டிராப்ரெயின் குன்றைச் சுற்றிய எரிமலைப் பாறையின் சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம், வயலை உழும்போது கிடைத்த உருண்டைக் கல், எல்லாம் ஒரே சுவரில் இருக்கும். மழை பெய்து ஓய்ந்ததும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லும் வேறுவேறு வேகத்தில் காயும்.

இந்தச் சுவரில் இருக்கும் திறப்புகள் மூன்று வகை. ஒன்று, வண்டியும் குதிரையும் போகும் பெரிய வளைவு. இரண்டு, ஆள் போகும் கதவு, அதுவும் பெரும்பாலும் முற்றத்துப் பக்கம். மூன்று, காற்றுப் பிளவு. வெளியே கை நுழையும் அளவுக்கு ஒடுங்கி, உள்ளே விரிந்து போகும் செங்குத்துத் துளை. மழை உள்ளே வராது, காற்று மட்டும் வரும், வைக்கோல் புழுங்காமல் இருக்கும். வெளியிலிருந்து ஸ்டெடிங்கைச் சுற்றி வந்தால் நீளமான வெற்றுச் சுவரும், அதில் தாளம் போட்டதுபோல இந்தப் பிளவுகளும்தான். வயலுக்கு முதுகைக் காட்டி, முற்றத்துக்கு முகத்தைக் காட்டும் கட்டடம் அது. அதன் கம்பீரம் எனக்குத் தெரிந்தவரை அந்த வெற்றுச் சுவரில்தான் இருக்கிறது.

குதிரைக் கூடத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். கதிரடிக்கும் கூடத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வட்டமாகவோ எட்டுப் பட்டையாகவோ நிற்கும் கட்டடம் அது. கூம்புக் கூரை. சுவருக்குப் பதில் இடைவெளி விட்ட தூண்கள். நான்கு முதல் ஆறு குதிரைகள் உள்ளே சுற்றிச் சுற்றி நடக்கும். அவற்றின் தலைக்கு மேலே பெரிய பல்சக்கரம், அதிலிருந்து ஓர் அச்சு சுவரைத் துளைத்துக்கொண்டு கூடத்துக்குள் போய் இயந்திரத்தைச் சுழற்றும். நீராவி வந்ததும் பல பண்ணைகள் குதிரையை விட்டுவிட்டன. டிரனென்ட் பக்கம் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்ததால் இந்த வட்டாரத்தில் எரிபொருளுக்குக் குறைவில்லை. ரயிலிலிருந்து தெரிந்த அந்தப் புகைபோக்கிகள் நீராவி எந்திரத்துக்காகக் கட்டியவை.

சன்னலைச் சுமந்து போனவர்கள்

கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசி ஆட்களை விட்டுவிட்டால் இந்த ஆய்வு பாதிதான். ஹைண்ட் என்று அழைக்கப்பட்ட பண்ணையாட்கள் ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் போட்டு வேலை செய்தார்கள். ஹாடிங்டன் போன்ற ஊர்களில் ஆள் பிடிக்கும் சந்தை கூடும். கூலியில் பெரும்பகுதி காசாக இல்லை, ஓட்ஸ், பார்லி, பட்டாணி, ஒரு பசுவுக்குத் தீனி, உருளைக்கிழங்கு நட ஒரு துண்டு நிலம் என்று பொருளாகத்தான் வரும். அதோடு, ஒவ்வொரு ஹைண்டும் வயல் வேலைக்கு ஒரு பெண்ணையும் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. மனைவியோ மகளோ, யாரும் இல்லையென்றால் கூலி கொடுத்து அழைத்துவரும் ஒரு பெண்ணோ. பாண்டேஜர் என்று அவர்களுக்குப் பெயர். கிழங்குக்குக் களை எடுத்ததும் எரு பரப்பியதும் பெரும்பாலும் இந்தப் பெண்கள்தான்.

இவர்கள் குடியிருந்தது ஸ்டெடிங்குக்குப் பக்கத்தில் ஒரே வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகளில். 1840களில் இங்கிலாந்து எல்லைப்புறத்து நோரம் ஊரின் பாதிரியார் ஒருவர் இதுபோன்ற வீடுகளின் நிலையை விவரித்து, நில உடைமையாளர்களிடம் முறையிட்டு எழுதினார். அதில் ஒரு செய்தி என் மனதை விட்டுப் போகவே இல்லை. பண்ணை மாறிப் போகும் குடும்பம், கட்டிலையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போவதுபோல, தன் சன்னலையும் கையோடு எடுத்துக்கொண்டு போகும். அடுப்புக் கம்பியும் அப்படித்தான். வீட்டில் இருப்பது நான்கு சுவரும் ஓர் ஓட்டையும். அந்த ஓட்டையில் பொருத்தும் கண்ணாடிச் சட்டம் குடும்பத்தினுடையது. போய்ச் சேர்ந்த இடத்தில் ஓட்டை பெரிதாக இருந்தால் மிச்சத்தை எதையாவது வைத்து அடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்டெடிங்கில் சன்னலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும். அறுவடையை வைக்க அவ்வளவு அக்கறையோடு கட்டியவர்கள், அறுத்தவர்களுக்கு ஒரு சன்னல் வைத்துக் கொடுக்கவில்லை.

காலியானது எப்படி

டிராக்டர் வந்து குதிரை போனது, லாயம் காலி. வயலிலேயே அறுத்து அடித்துவிடும் கம்பைன் எந்திரம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவியது, கதிரடிக்கும் கூடம் காலி. கதிர்ப் போரே இல்லையென்றால் வைக்கோல் கூடத்துக்கும் வேலை இல்லை. 1957-ல் வந்த பண்ணை மேம்பாட்டுத் திட்டம் புதிய கட்டடங்களுக்கான செலவில் மூன்றில் ஒரு பங்கை மானியமாகக் கொடுத்தது. இரும்புத் தூண் வைத்த அகலமான கொட்டகைகள் வந்தன. நவீன எந்திரம் பழைய கல் வளைவுக்குள் நுழையாது, உயரமும் போதாது, அகலமும் போதாது. நன்றாக இருந்த கட்டடத்தை யாரும் வெறுத்து விடவில்லை, அதற்குள் வேலைதான் இல்லாமல் போனது.

கூரை ஓட்டில் ஒன்று நழுவினால் யாரும் மேலே ஏறிச் சரிசெய்யவில்லை. உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் நிற்கும், முதலில் அழுகுவது அந்த முனைதான். ஓடு கழன்ற இடத்திலிருந்து சுவர் உச்சி திறந்துகொள்ளும், உள்ளே நிரப்பிய சுண்ணாம்பு கரைந்து இறங்கும். அப்புறம் சுவர் வயிறு தள்ளும்.

இந்த நிலையில்தான் வீடு என்ற யோசனை வருகிறது. எடின்பரோவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தினம் போய்வரக்கூடிய தூரம். 1964-ல் மூடிய ஈஸ்ட் லின்டன் ரயில் நிலையம் 2023 டிசம்பரில் மறுபடி திறந்த பிறகு இன்னும் எளிது. வரியும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. பழைய களஞ்சியத்தைக் களஞ்சியமாகவே பழுதுபார்த்தால் ஒப்பந்தக்காரரின் கட்டணத்துக்கு 20 சதவீதம் வாட் வரி. அதையே வீடாக மாற்றினால் 5 சதவீதம். பட்டியலிட்ட மரபுக் கட்டடங்களில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு இருந்த வரிவிலக்கும் 2012 அக்டோபரில் போய்விட்டது. கட்டடத்தை இருந்தபடியே காக்க நினைப்பவருக்கு அதிக வரி, மாற்றுகிறவருக்குக் குறைந்த வரி என்பது எனக்கு வருத்தமளிக்கிற ஏற்பாடு. ஆனால் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பாதி ஸ்டெடிங்குகள் இன்று கற்குவியலாக இருந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீடாக்கும்போது

நான் போய்வந்த வளாகத்தில் நான் முதலில் பார்த்தது வடக்குச் சுவரைத்தான். அதில் புதிதாக ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை. பழைய காற்றுப் பிளவுகள் அப்படியே இருக்கின்றன. சட்டமே தெரியாதபடி ஒற்றைக் கண்ணாடித் துண்டைச் சுவரின் உட்புறத்தில் பதித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இருண்ட பிளவு மட்டும்தான் தெரியும். உள்ளே, மாடிப்படிக்குப் பக்கத்தில், பகல் முழுக்க நீளமான வெளிச்சக் கீற்றுகள் சுவரில் விழுந்து மெதுவாக நகரும். பிளவின் உள்விரிவில் சுண்ணாம்பு பூசியிருப்பதால் கொஞ்ச வெளிச்சமே நிறையத் தெரிகிறது.

சரி, மீதி வெளிச்சம் எங்கிருந்து? பெரிய வளைவுகளிலிருந்து. வண்டிக் கொட்டகையின் வளைவுகள் ஒவ்வொன்றும் வீட்டின் கூடத்துக்கு முழு உயரக் கண்ணாடியாகிவிட்டன. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கண்ணாடியைச் சுவரின் வெளிமுகத்தோடு சமமாக வைக்கக் கூடாது. ஓரடிக்கு மேல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அப்போதுதான் வளைவின் தடிமனும் நிழலும் அப்படியே நிற்கும், கல் தூண் கல் தூணாகத் தெரியும். சில வளாகங்களில் இடம் மிச்சம் பிடிக்க வெளிமுகத்திலேயே வெள்ளைச் சட்டம் வைத்து அடைத்திருக்கிறார்கள். அங்கே வளைவு இருந்த இடத்தில் கடை முகப்பு போல ஏதோ ஒன்று நிற்கிறது. வித்தியாசம் ஓரடிதான். ஆனால் அந்த ஓரடியில் கட்டடம் போய்விட்டது.

கூரைச் சன்னல் இன்னொரு சோதனை. ஓட்டின் மட்டத்தோடு படிந்து, ஒடுக்கமாக, முற்றத்துப் பக்கச் சரிவில் மட்டும் வைத்தால் கண்ணை உறுத்தாது. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வைத்துவிட்டால் வெயில் நாளில் ஒரு மைல் தூரத்திலிருந்தே கூரை மின்னும். கூரையைத் தூக்கி முகப்புச் சன்னல் கட்டுவது இன்னும் மோசம். ஸ்டெடிங்கின் கூரை உடையாமல் ஒரே கோடாக ஓடுவதுதான் அதற்கு அமைதி தருகிறது.

எத்தனை வீடு என்பதையும் கட்டடமே சொல்ல வேண்டும். பழைய குறுக்குச் சுவர்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே வீடுகளைப் பிரிப்பது நல்லது. விற்பவருக்குக் கூடுதலாக இரண்டு வீடு வேண்டும் என்பதற்காகக் கதிரடிக்கும் கூடத்தை நடுவே மூன்றாக வெட்டினால் அந்த உயரம், அந்த வெற்றிடம், எதுவும் மிஞ்சாது. நான் பார்த்த வளாகத்தில் கூடத்தின் ஒரு பாதியைத் தரையிலிருந்து கூரை வரை அப்படியே விட்டுவிட்டு, மறு பாதியில் மட்டும் மேல்தளம் போட்டிருக்கிறார்கள். மேலே அண்ணாந்து பார்த்தால் பால்டிக் நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த பைன் உத்தரங்கள். ஒன்றில் மர வியாபாரிகள் கூர்முனையால் கீறிய குறிகள் இன்னும் இருக்கின்றன. தச்சர்கள் எந்தக் கட்டை எதோடு சேர வேண்டும் என்று வெட்டிய ரோமன் எண்களும் இருக்கின்றன. இவற்றை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யாமல் தூரிகையால் மட்டும் துடைத்து விட்ட அந்தத் தச்சரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கையைப் பிடித்து நன்றி சொல்வேன்.

இன்னொரு விஷயம் நேரில் பட்டுத்தான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மாட்டுத் தொழுவமாக இருந்த பகுதியில் வீடு வாங்கிக் குடியேறியது. வேறொரு வளாகம் அது. இரண்டாவது குளிர்காலத்தில் வரவேற்பறைச் சுவரில், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை, வண்ணப்பூச்சு கொப்பளித்தது. நான் போய் விரலால் தொட்டேன், பூச்சு மாவாக உதிர்ந்தது. உள்ளே பஞ்சு போல வெள்ளை வெள்ளையாக உப்பு. ஒழுகல் என்று நினைத்து ஏற்கெனவே இரண்டு முறை குழாயைச் சோதித்திருந்தார்கள். குழாயில் ஒன்றுமில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் மாடுகளின் சிறுநீரும் சாணமும் ஊறிய சுவர் அது. நைட்ரேட் உப்பு கல்லுக்குள் போய்த் தங்கியிருக்கிறது. அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், உலரும்போது படிகமாகிப் பூச்சைத் தள்ளும். அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் வண்ணம் அடித்து மூடினால் உப்பும் ஈரமும் வெளியேற வழியே இல்லை. கட்டியவர்கள் அதைத்தான் செய்திருந்தார்கள்.

இதற்குச் செய்ய வேண்டியதை ஒரு பழைய சுண்ணாம்புக் கொத்தனார் எனக்கு விளக்கினார். தொழுவச் சுவரை முதலில் நன்றாக உலரவிட வேண்டும். அப்புறம் உப்பை இழுத்துக்கொள்ளும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைத் தியாகமாகப் பூசி, அது கெட்டதும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். அல்லது பழைய சுவரைத் தொடாமல், இடைவெளி விட்டு, உள்ளே தனியாக மரச்சட்டச் சுவர் எழுப்ப வேண்டும். வெப்பம் காக்க மரநார்ப் பலகை, சணல் கலந்த சுண்ணாம்பு போன்ற மூச்சுவிடும் பொருள்கள்தான் இங்கே பொருந்தும். கல் சுவரின் வெளி இணைப்புகளிலும் சிமென்ட் கூடாது. சிமென்ட் கல்லைவிடக் கடினம், ஈரம் அதன் வழியே போக முடியாமல் மணற்கல் வழியே போகும், கல் அரித்துக்கொண்டு போய் சிமென்ட் மட்டும் தேன்கூடு போல நீட்டிக்கொண்டு நிற்கும். கிழக்கு லோதியனில் சாலையோரச் சுவர்களில் இதை எங்கும் பார்க்கலாம்.

அனுமதிகள் பற்றிச் சுருக்கமாக. ஸ்காட்லாந்தில் மரபுக் கட்டடங்களை ஏ, பி, சி என்று மூன்று பிரிவாகப் பட்டியலிடுகிறார்கள். 2015 முதல் இதைச் செய்வது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பு. பட்டியலில் இருந்தால் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் மாற்ற உள்ளாட்சி மன்றத்தின் தனி ஒப்புதல் வேண்டும். வௌவால் தங்கியிருந்தால் நேச்சர்ஸ்காட் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் இல்லாமல் கூரையைத் தொட முடியாது. வெண்ணாந்தை கூடு கட்டியிருக்கும் காலத்தில் அருகே போய்த் தொந்தரவு செய்வதே குற்றம். ஆட்டைக் குளிப்பாட்டப் பயன்படுத்திய மருந்துத் தொட்டி, டீசல் தொட்டி இருந்த மண்ணையும் சோதிக்க வேண்டும். நான் பார்த்த வளாகத்தில் பழைய வைக்கோல் கூடத்தின் முக்கோணச் சுவர் உச்சியில் வெண்ணாந்தைக்கு ஒரு பெட்டியை வீட்டுக்குள் தெரியாதபடி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய துளைதான் வாசல்.

முற்றம் யாருடையது

வீடுகளை நன்றாகச் செய்துவிட்டு முற்றத்தில் கோட்டைவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாட்டு முற்றம் ஒரே வெளியாக இருந்தது. வீடு வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் தனித் தோட்டம் கேட்பார்கள், பலகை வேலி வரும், துணிக்கொடி வரும், பிறகு கார் நிறுத்தக் கோடு போடுவார்கள். வேலி எழுந்த அன்று அது ஸ்டெடிங் இல்லை, பழைய கல் போட்ட வரிசை வீடு. நல்ல தீர்வு எது என்றால், தனித் தோட்டங்களை வெளிப்பக்கம், கதிர்ப் போர் நின்ற பக்கமாகக் கொடுத்து, தாழ்ந்த கல்சுவராலோ முட்செடி வேலியாலோ பிரிப்பது. கார்களைப் பழைய இரும்புக் கொட்டகை நின்ற இடத்துக்குத் தள்ளுவது. முற்றத்தைப் பொதுவாக வைத்து, அதன் பராமரிப்பை எல்லா வீட்டின் பத்திரத்திலும் நிபந்தனையாக எழுதுவது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இப்படி எழுதும் சுமை, வீடு கைமாறினாலும் வாங்குபவரைக் கட்டும். இதைக் கட்டட வேலை தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். குடியேறியபின் யாரும் தன் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

நான் பார்த்த இடத்தில் முற்றம் பொதுவாகவே இருக்கிறது. பழைய உருளைக்கல் தரையைப் பெயர்த்து, எண் போட்டு, அடியில் வடிகால் வைத்துத் திரும்பப் பதித்திருக்கிறார்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வரும். கதவுகளில் வீட்டுப் பெயர்கள்: லாயம், களஞ்சியம், வண்டிக் கொட்டகை, தொழுவம். ஹைண்டுகளின் வரிசை வீடுகளும் இருக்கின்றன, இரண்டிரண்டாகச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். இன்று அந்த வட்டாரத்தில் வயல் வேலை செய்யும் ஒருவரால் இவற்றில் எதையும் வாங்க முடியாது. மாற்றத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே ஒன்றிரண்டு வீடுகளை உள்ளூர்க்காரர்களுக்குக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கியிருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். கட்டடத்தைக் காப்பதில் காட்டிய கவனத்தில் கால்வாசி போதும்.

குதிரைக் கூடத்தில் இப்போது ஒரு வீட்டின் சாப்பாட்டறை இருக்கிறது. தூண்களுக்கு நடுவே கண்ணாடி, நடுவில் வட்ட மேசை, மேலே கூம்புக் கூரையின் கட்டைகள் எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேர்கின்றன. கூடத்தை ஒட்டிய சுவரில், தலைக்கு மேலே, அச்சு நுழைந்த துளை இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வேறு வீடு என்பதால் தீத்தடுப்பு விதிப்படி துளையை அடைத்தாக வேண்டும். அடைத்திருக்கிறார்கள். ஆனால் சுவரோடு சமமாகப் பூசி மறைக்கவில்லை, ஒரு கை ஆழம் உள்ளே தள்ளி அடைத்திருக்கிறார்கள். துளையின் கீழ்க்கல்லில் அச்சு உராய்ந்து உராய்ந்து வழவழப்பான பள்ளம் விழுந்திருக்கிறது. வீட்டுக்காரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை ஏறித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பள்ளத்தின் ஓரத்தில் கறுப்பாக இன்னும் பழைய மசகு ஒட்டியிருந்தது.